பதினொரு சட்டை

சவுண்ட் செற் இருக்குப் பிள்ளை. ஏன் இல்லாமல்? எட்டிப் பாருங்கோ, ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு சோடி, ஹோர்ண் நாலு, வயரில்லாத மைக் புதுசு, போன மாசம்தான் கொழும்பிலையிருந்து எடுப்பிச்சனான். மன்னாரிலை இறங்கி சந்தியோகு சவுண்ட் சேர்விஸ் எண்டு கேட்டால் ஆரும் வழி காட்டுவினம். ஆனால் உங்களுக்குத் தரமாட்டன். குறை நினைக்காதையுங்கோ. கலியாணவீடு எண்டால் தருவன். செத்தவீடு எண்டால் நானே கொண்டுவந்து கட்டித் தருவன். உந்த உளசமூகப் பயிற்சிக்கு மட்டும் என்ரை செற் வராது.

இருங்கோ, இருங்கோ, ஏன் எழும்புறியள்? தரமாட்டன் எண்டுதானே சொன்னனான், கதைக்கமாட்டன் எண்டு சொல்லேல்லையே. மெற்றில்டா! ஒஃபீசிலையிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு, ரெண்டு தேத்தண்ணி போடும்! கேட்டிருக்கும் என்ரை மனிசிக்கு. நான் கூப்பிட்டால் றோட்டுக்கு அங்காலை இருக்கிறவையும் கேத்தில் வைப்பினம், அப்பிடிக் குரல்.

உங்கடை கடிதத்தை வாசிச்சிட்டன். சான்றிதழ் வழங்கும் விழா. சரி. இடம், ஜுனைதீன் நானாவின்ரை ஊர்ப் பள்ளிக்கூடம். சரி. மூண்டாம் வரியைப் பாருங்கோ. 'அனுபவப் பகிர்வு: திரு. ஜுனைதீன், பதினைந்து நிமிடம்.' அந்தாள் மேடையிலை ஏறி என்ரை மைக்கிலை கதைக்கிறதுக்கு நான் வயர் இழுத்துக் குடுக்கவேணுமோ? எனக்கு வரவேண்டிய சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போன மனிசன் பிள்ளை அவர். நீங்கள் புதுசு, உங்களுக்குத் தெரியாது. உங்கடை ஆக்கள் எனக்குச் செய்த அநியாயத்தைக் கேட்டிட்டுப் போங்கோ.

போன வருசம் மாசி மாசம். எங்கடை கிராமசேவகர், ஜி.எஸ்., வீட்டுக்கு வந்தார். "சந்தியோகண்ணை, ஊருக்கு ஒரு தலைவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. சண்டையிலை மனம் நொந்துபோன சனத்துக்கு எப்பிடி ஆறுதல் குடுக்கிறது எண்டு அஞ்சு நாள் பயிற்சியாம். நீங்கள்தான் போகோணும்" எண்டார். பின்னை ஆர் போறது? மரண உதவிச் சங்கத்துக்குத் தலைவர் நான். ஊரிலை ஆர் செத்தாலும் அறிவிக்கிறது நான். நான் மைக்கிலை சொல்லும் வரைக்கும் செத்தவன் செத்தது எண்டு சனம் நம்பாது. ஒருக்கா கொழும்பு ஆஸ்பத்திரியிலை உயிரோடை இருந்த ஆளை நான் செத்ததா அறிவிச்சுப்போட்டன், பிழையான தகவல், அந்தாள் திரும்பி வந்து ஆறு வருசம் இருந்தார், ஆனால் சனம் அவரோடை கதைக்கேக்கை கொஞ்சம் தள்ளி நிண்டுதான் கதைச்சது. அவ்வளவு மதிப்பு என்ரை குரலுக்கு.

மன்னார் ரவுணிலை ஒரு மண்டபம். இருபத்திநாலு பேர். பாதி எங்கடை ஆக்கள், பாதி முஸ்லிம் ஆக்கள். தொண்ணூறாம் ஆண்டு புத்தளத்துக்குப் போய், சண்டை முடிஞ்சபிறகு திரும்பி வந்தவை. படிப்பிச்சது ஆரணி மிஸ் எண்டு ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், குரல்தான் காணாது. பின்வரிசைக்குக் கேக்காது. நான் மைக் கொண்டுவந்து தாறன் எண்டு கேட்டனான், வேண்டாம் எண்டிட்டா.

முதல் வேலையா ஒரு பிறிஸ்டல் போட்டிலை பெரிசா எழுதிச் சுவரிலை ஒட்டினவ: 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்.' ரகசியம் காக்கோணும். அதுதான் முதல் பாடம். அதாலை அங்கை ஆர் என்ன சொன்னது எண்டு நான் உங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லமாட்டன், நீங்களும் கேக்கக்கூடாது. எனக்குப் பக்கத்திலை இருந்தவர் இந்த ஜுனைதீன் நானா. தையல்காரர். பள்ளிவாசலுக்குப் பின்னாலை, பச்சைக் கதவுக் கடை.

பக்கத்திலை எண்டால், அவர் முதல் என்னட்டையிருந்து நாலு கதிரை தள்ளித்தான் இருந்தவர். எல்லாரும் எழும்பித் தங்களை அறிமுகம் செய்யோணும் எண்டிச்சினம். மற்றதுகள் பேரைச் சொல்லிப்போட்டு வெக்கத்திலை இருந்திட்டுதுகள். நான் எழும்பி, "அன்பார்ந்த சகோதர சகோதரிகளே" எண்டு தொடங்கி, நாலு நிமிசம் கதைச்சு, "நன்றி, வணக்கம்" எண்டு முடிச்சன். மண்டபம் அப்பிடியே அடங்கிப்போச்சு. தேத்தண்ணி இடைவேளை முடிஞ்சு வந்து பாத்தால், நானா தன்ரை கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து எனக்குப் பக்கத்திலை போட்டு இருக்கிறார். என்ரை குரலிலை அந்தாளுக்கு ஒரு மயக்கம் எண்டு நினைச்சன். பாதிப் பேருக்கு அப்பிடித்தான்.

ரெண்டு நாளும் அவர் என்னோடைதான். மத்தியானச் சாப்பாடு, தேத்தண்ணி, எல்லாம் சேந்துதான். நான் கதைப்பன், அவர் கேப்பார். கேக்கிறதெண்டால் என்னமாதிரி எண்டு நினைக்கிறியள், கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். "நானா, நித்திரையோ?" எண்டு கேட்டால், "இல்ல சந்தியோகு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன்" எண்டுவார். அப்பிடி ஒரு ரசிகர் எனக்குக் கிடைச்சதே இல்லை.

படிப்பைச் சொன்னால் சிரிப்பியள். அழுற ஆளைப் பாத்து 'அழாதையுங்கோ' எண்டு சொல்லக்கூடாதாம். 'போனது போகட்டும்' எண்டு சொல்லக்கூடாதாம். 'எனக்கு விளங்குது' எண்டும் சொல்லக்கூடாதாம், ஏனெண்டால் எங்களுக்கு விளங்காதாம். பிறகு என்ன கோதாரியைச் சொல்லுறது எண்டு கேட்டனான். ஒண்டும் சொல்லவேண்டாம் ஐயா, 'ம்' போடுங்கோ எண்டா. அரைநாள் 'ம்' போடப் பழகினம், நம்புவியளோ? கிழடு கட்டையள் இருபத்திநாலு பேர் வட்டமா இருந்து 'ம்', 'ம்' எண்டுகொண்டு. என்ரை 'ம்' மண்டபத்துக்கு வெளியாலை போச்சு. வோச்சர் ஓடிவந்து எட்டிப் பாத்தவன். "ஐயா, கொஞ்சம் மெல்லமா" எண்டு மிஸ் கையெடுத்துக் கும்பிட்டா. நானாவின்ரை 'ம்' எண்டால், அது வெளியாலை வராது. தொண்டைக்குள்ளை ஒண்டு அசையும், அவ்வளவுதான். மிஸ்ஸுக்கு அதிலை சரியான விருப்பம்.

பிறகு எங்கடை வாழ்க்கையை ஒரு ஆறு மாதிரிக் கீறச் சொன்னவ. வளைவு நெளிவு, கல்லு, சுழி, எல்லாம் போட்டு. நான் நேரா ஒரு ஆறு கீறி, ரெண்டு பக்கமும் பனை வைச்சு, சோக்கா நீலம் தீட்டினன். "ஐயா, உங்கடை ஆத்திலை ஒரு கல்லும் இல்லையே?" எண்டு கேட்டா மிஸ். இல்லை எண்டனான். இருந்தால்தானே கீறுறது? நானாவின்ரை ஆறு பாதிக் கடதாசியிலை நிண்டுபோச்சு. பிறகு அந்தப் பக்க ஓரத்திலை சின்னதாத் திரும்பத் தொடங்குது. "என்ன நானா, மை முடிஞ்சு போச்சோ?" எண்டு பகிடி விட்டன். சிரிச்சார்.

மூண்டாம் நாள்தான் வினை வந்தது. சோடி சோடியா இருக்கோணும். ஒருத்தர் பத்து நிமிசம் தன்ரை மனசிலை கிடக்கிறதைச் சொல்லுவார். மற்றவர் வாயே திறக்கக்கூடாது. பத்து நிமிசம் முடிய மிஸ் மணி அடிப்பா, பிறகு மற்றவற்றை முறை. எனக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ பிள்ளை, பத்து நிமிசம்! நான் பொம்பிளையளோடை சோடி சேர்ந்தால் அவை சுருக்கமா முடிச்சிடுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்க, நானா கதிரையைத் திருப்பிப்போட்டு, "நான் சந்தியோகுவோட இருக்கன்" எண்டார்.

அவர் தொடங்கினார். மெல்லமாத்தான் கதைச்சவர், நான் குனிஞ்சு கேக்கவேண்டியதாப் போச்சு.

"தொண்ணூறாம் வருசம் ஐப்பசி. நான் கடையில ஒரு ஸ்கூல் சட்டைக்கு பட்டன் ஓட்டை எடுத்துக்கிட்டு இருந்தன். தெருவால ஸ்பீக்கர் கட்டின வான் ஒண்டு வந்துச்சு. ஊரை விட்டுப் போக வேற ஊருகளுக்கு ரெண்டு மூணு நாள் குடுத்தாங்களாம். எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம். வாப்பாவைக் கட்டிலோட தூக்கினோம். உம்மாவுக்கு அடுப்புல சோறு. கடல்கரைக்கு நடந்துபோய், வள்ளத்துல கற்பிட்டிக்குப் போய், புத்தளத்துல ஓலைக் கொட்டில்ல இருந்தம். மூணாம் கிழமை உம்மா மௌத்தாப் போனா. இது எல்லாருக்கும் நடந்ததுதான் சந்தியோகு. இதைச் சொல்லி அழுறதுக்கு நான் வரல்ல."

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன். மணிக்கூட்டைப் பாத்தால் இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு.

"எனக்கு ஒண்டுதான் போகுதில்ல" எண்டார். "அந்த வானுல அறிவிச்ச மனுசன். ஆரெண்டு தெரியாது, ஆளைக் காணல்ல, குரல் மட்டும்தான். நல்ல குரல். 'அன்பார்ந்த பொதுமக்களே' எண்டு தொடங்கினான். முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் போகச் சொன்னான். நகை எடுக்காதே, காசு எடுக்காதே எண்டான். எல்லாம் சொல்லிப்போட்டு கடைசியில, 'நன்றி, வணக்கம்' எண்டான். எதுக்கு நன்றி? இருபத்திமூணு வருசமா யோசிக்கிறன். நக்கலா? இல்லாட்டி, நாங்க போறதுக்கு உண்மையாவே நன்றியா? அது நக்கலா நன்றியா எண்டு தெரிஞ்சாப் போதும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

மாதாவே! நான் என்ன செய்யிறது பிள்ளை? பத்து நிமிசம் முடியேல்லை, சட்டம் தெரியும், எல்லாம் தெரியும். என்ரை வாய் என்னைக் கேட்டே திறக்கிறது? "நக்கல் இல்லை நானா! பழக்கம்! சத்தியமாப் பழக்கம்!" எண்டு கத்திப்போட்டன்.

என்ரை குரல் தெரியும்தானே. மற்ற இருபத்திரண்டு பேரும் கதையை விட்டிட்டுத் திரும்பிப் பாத்தினம்.

மறைக்கிறதிலை என்ன இருக்கு? நான்தான். எங்கடை ஊரிலையிருந்து நானாவின்ரை ஊர் ஆறு கட்டை தூரம். எண்பத்தாறிலைதான் செற் வாங்கினனான், அப்ப எங்கடை பக்கக் கோயில் பெருநாளுகள் மட்டும்தான் செய்தனான், அங்கை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அண்டைக்குக் காலமை துவக்கோடை இயக்கப் பெடியள் மூண்டு பேர் வந்து, வானை எடு, ஹோர்ணைக் கட்டு எண்டாங்கள். மெற்றில்டா மூத்தவளுக்குப் பால் குடுத்துக்கொண்டிருந்தவ. மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமோ? நீங்களே சொல்லுங்கோ. துவக்கு வைச்சிருக்கிறவனுக்கு ஆர் மாட்டன் எண்டு சொல்லுறது?

கையிலை ஒரு கடதாசி தந்தாங்கள், நாலு வரி. நாலும் எனக்கு இப்பவும் பாடம். சொல்லட்டோ? வேண்டாம், மெற்றில்டா தேத்தண்ணியோடை வாறா, அவவுக்குப் பிடிக்காது. அந்தக் கடதாசியிலை 'அன்பார்ந்த' எண்டும் இல்லை, 'நன்றி' எண்டும் இல்லை. மொட்டை. ஆனால் மைக்கைக் கையிலை எடுத்தால் என்ரை வாய் தானாத் தொடங்கி, தானா முடிக்கும். அந்தோனியார் பெருநாளுக்கும் அப்பிடித்தான், பந்தடிக்கும் அப்பிடித்தான், காணாமல்போன மாட்டுக்கும் அப்பிடித்தான். ஏழு தெரு. ஏழு தரமும் சொல்லிப்போட்டன். ஒரு சொல்லும் பிசகேல்லை. வேறை ஆரும் வாசிச்சிருந்தால் அரைவாசி விளங்கியிராது, சனம் விளங்கிக்கொள்ளுறதுக்கே ஒரு மணித்தியாலம் போயிருக்கும். நான் வாசிச்சதாலை எல்லாருக்கும் உடனை விளங்கினது. அதையும் ஒருத்தரும் யோசிக்கினம் இல்லை.

குடியுங்கோ பிள்ளை, ஆறுது. சீனி காணுமோ?

ஆரணி மிஸ் ஓடிவந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியாலை போய் இருப்பம்" எண்டா. நானா கையைத் தூக்கினார். "விடுங்க மிஸ். என்ட முறை முடிஞ்சுது. இப்ப அவர்ட முறை" எண்டார். நான் தொடங்கினன். மிஸ் மணி அடிச்சது எனக்குக் கேக்கேல்லை. நாப்பது நிமிசம் கதைச்சனாம். துவக்கு, வான், கடதாசி, கடைசித் தெருவிலை ஒரு மனிசி தண்ணி முட்டியை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வானைப் பாத்துக்கொண்டே நிண்டது, திரும்பி வந்து நான் ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது, எல்லாம். கதைச்சுக் கதைச்சு நான்தான் அழுதன், அவர் அழேல்லை. முழு நேரமும் என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். இடைக்கிடை அந்தத் தொண்டைக்குள்ளை 'ம்'. ஒரு கேள்வி கேக்கேல்லை. ஒரு ஏச்சு இல்லை. நான் முடிச்சு, மூக்கைச் சிந்தி, "நானா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன்.

"ம்" எண்டார்.

அவ்வளவுதான் பிள்ளை! எழும்பிப் போய் கைகால் கழுவித் தொழுதிட்டு வந்து, சாப்பாட்டுக்கு எனக்குப் பக்கத்திலை இருந்து, "இந்தாங்க சந்தியோகு, மீன் பொரியல் எடுங்க" எண்டார்.

அஞ்சாம் நாள் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சான்றிதழ் குடுத்தினம். நானாவுக்கு, மிகச் சிறந்த செவிமடுப்பாளர் எண்டு தனியா ஒரு பாராட்டு. எனக்கு ஒரு துண்டு: 'மீண்டும் பயிற்சி பெறுதல் நன்று.' ஏனாம்? முறை வரமுன்னம் வாய் திறந்தனாம். முறை முடிஞ்ச பிறகும் மூடேல்லையாம். நீங்களே சொல்லுங்கோ, அந்த மனிசன் இருபத்திமூண்டு வருசமாத் தேடின பதிலை நான் அந்த நிமிசமே குடுத்தனான். நக்கல் இல்லை, பழக்கம் எண்டு. ஆறுதல் குடுத்தது ஆர்? அவர் எனக்கு என்ன குடுத்தார்? அவருக்குச் சான்றிதழ், எனக்குத் துண்டு.

மெற்றில்டா சொன்னா, போய்ச் சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கோ எண்டு. போனன். இருபத்திமூண்டு வருசமாச் சொல்லாததைச் சொன்னன். நான் வாசிச்ச ஆள்தானே, எழுதினது வேறை ஆள், அதாலை அது என்ரை கணக்கிலை வராது எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். சாமியார் கேட்டார், கையை உயர்த்தினார், மூண்டு அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். அஞ்சு நிமிசம். ஆண்டவரே அஞ்சு நிமிசத்திலை விட்டிட்டார் பிள்ளை, இந்தத் தையல்காரர் விடுறார் இல்லை!

பிறகு பாத்தன், ஆளை அவற்றை கடையிலையே பிடிப்பம் எண்டு. சும்மா போய் நிக்கேலாதே? ஒரு சட்டைத்துணி வாங்கிக்கொண்டு மோட்டச்சைக்கிளிலை போனன். அளவெடுத்தார். நல்லாக் கதைச்சார். மழை, மீன்விலை, எல்லாம் கதைச்சார். அந்தக் கதையை எடுத்தனோ, 'ம்'. சரி, முதல்தரம்தானே எண்டு விட்டிட்டு வந்தன். சட்டை எடுக்கப் போகேக்கை இன்னொரு துணி கொண்டுபோனன். அப்பவும் 'ம்'. பதினொரு சட்டை பிள்ளை! நான் கலியாணம் கட்டேக்கை எனக்கு மூண்டு சட்டைதான் இருந்தது. இப்ப அலுமாரி பூட்டேலாமல் கிடக்கு. ஜி.எஸ். கேக்கிறார், சந்தியோகண்ணை எலெக்சன் கேக்கப்போறியளோ எண்டு. ஆனால் ஒண்டு சொல்லவேணும், தையல் எண்டால் தையல்தான். கழுத்துப் பட்டியைப் பாருங்கோ. இது ஒம்பதாவது.

ஏசட்டும் பிள்ளை. நான் எதிர்பாக்கிறது அதுதான். "நாயே, உன்ரை வாயாலை என்ரை தாய் செத்தாள்" எண்டு சொல்லட்டும். கத்திரிக்கோலாலை எறியட்டும். இல்லாட்டி மன்னிச்சன் எண்டு சொல்லட்டும். ரெண்டிலை ஒண்டு. உங்கடை பயிற்சியாலைதான் இந்த வினை. கேளுங்கோ, கேளுங்கோ, பதில் சொல்லாதையுங்கோ எண்டு படிப்பிச்சு, அந்தாளுக்கு நல்ல சாட்டு ஒண்டைக் கையிலை குடுத்துவிட்டிருக்கிறியள். எனக்கு அறுபத்தொம்பது. போன ஆவணியிலை நெஞ்சுக்குள்ளை ஒரு கம்பியும் வைச்சாச்சு. அவருக்கு எழுபத்திரண்டு. ஆர் முந்துறது எண்டு தெரியாது.

போன வியாழக்கிழமை பன்ரெண்டாவது துணியோடை போனன். போகேக்கையே எனக்கு ஒரு கோவம். அவர் தோளுக்கு நாடா வைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், ஊசி நாலஞ்சு வாயிலை. "நானா, இண்டைக்கு எனக்கு ஒரு முடிவு சொல்லவேணும்" எண்டன். "மன்னிச்சியளோ, இல்லையோ? ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. நான் எத்தினை நாளைக்கு உப்பிடி அலையிறது?" என்ரை குரல் உங்களுக்குத் தெரியும்தானே, பள்ளிவாசலடியிலை நிண்ட ரெண்டு பேர் எட்டிப் பாத்தினம்.

நானா வாயிலையிருந்த ஊசியளை ஒவ்வொண்டா எடுத்து மேசையிலை குத்தினார். நாடாவைச் சுருட்டி வைச்சார். பிறகு என்னைப் பாத்து, "சந்தியோகு, அண்டைக்கும் நீங்கதான் என்னை அவசரப்படுத்துனீங்க. இண்டைக்கும் அவசரப்படுத்துறீங்க" எண்டார்.

எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. நிக்கவும் ஏலாமல், இருக்கவும் ஏலாமல். "அப்ப எவ்வளவு காலம் வேணும் நானா?" எண்டு கேட்டுப்போட்டன். அட, ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? வேறை என்னத்தைக் கேக்கிறது? அவர் துணியை வாங்கி வைச்சிட்டுத் திரும்பி மெஷினை மிதிக்கத் தொடங்கினார். நான் வெளியாலை வந்து மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணாமலே ஒரு அரைக்கட்டை உருட்டிக்கொண்டு போனன். ஏனெண்டு எனக்கே தெரியாது. பெற்றோல் எல்லாம் இருந்தது.

சான்றிதழ் கோவத்திலைதான் செற் தரமாட்டன் எண்டு நினைக்கிறியள், என்ன? நானும் நீங்கள் வரேக்கை அப்பிடித்தான் நினைச்சன். கதைச்சுக்கொண்டு போகத்தான் எனக்கே தெரியுது. பயம் பிள்ளை. பதினைஞ்சு நிமிசம் மைக்கிலை கதைக்கப் போறார். என்னட்டை ஒரு வருசமாச் சொல்லாததை அங்கை சொல்லுவாரோ? எல்லா ஊர்ச் சனமும் வந்திருக்கும், ஜி.எஸ். வருவார், எங்கடை கோயில் சபைக்காரர் வருவினம், என்ரை மூத்தவளும் மருமோனும் வருவினம். அவளுக்கு இது தெரியாது. அந்த மண்டபத்திலை இருந்தவை, மெற்றில்டா, சாமியார், இவையைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஊருக்கு என்ரை செற் தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு போகேல்லை. எத்தினையோ தரம் கேட்டு வந்தவை, வேலை கிடக்கு எண்டு சொல்லி விட்டிட்டன். இப்ப என்ரை ஹோர்ணிலையே என்ரை பேர் வந்தால்?

நீங்கள் வேறை ஆரிட்டையும் எடுங்கோ பிள்ளை. ரவுணிலை செற்காரர் மூண்டு பேர் இருக்கினம், ஒருத்தன்ரை கொஞ்சம் இரையும், மற்றதுகள் பறுவாயில்லை. இவ்வளவு பேர் இருக்க, உங்களை ஆர் என்னட்டை அனுப்பினது?

ஆர்?

நானாவோ? அவரே சொன்னவரோ? நில்லுங்கோ, நில்லுங்கோ, வடிவாச் சொல்லுங்கோ, அவர் என்ன சொல்லு சொன்னவர்? 'சந்தியோகுட செற்றுத்தான் வேணும். அவர்ட இல்லாட்டி நான் கதைக்க மாட்டன்.' அப்பிடியே சொன்னவரோ? வேறை ஒண்டும் சொல்லேல்லையோ? சிரிச்சுக்கொண்டு சொன்னவரோ, சும்மா சொன்னவரோ?

ம்.

மெற்றில்டா, கேட்டனீரே? நானா கேட்டு விட்டிருக்கிறாராம்.

என்ன தேதி எண்டு போட்டிருக்கிறியள்? இருவத்திரண்டு. காலமை ஒம்பது மணி. அப்ப நான் ஆறு மணிக்கே அங்கை நிக்கோணும். ரெண்டு பெட்டி எண்டு எழுதியிருக்கிறியள், அது காணாது. பெட்டி மண்டபத்துக்குள்ளை இருக்கிற சனத்துக்கு மட்டும்தான் கேக்கும். அவர் மெல்லக் கதைக்கிற மனிசன், மைக்கைத் தள்ளிப் பிடிப்பார், எனக்குத் தெரியும். நாலு ஹோர்ணும் கொண்டுவாறன். பள்ளிக்கூட வேம்பிலை ரெண்டு, தண்ணித் தாங்கியிலை ரெண்டு கட்டினால் ஏழு தெருவுக்கும் விழும். மேடையிலை நான் ஏறமாட்டன். அறிவிக்க வேறை ஆரையும் பாருங்கோ, ஆரணி மிஸ்ஸை விடுங்கோ. நான் அம்பிளிஃபயருக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருக்கிறன்.

அவர் என்ன கதைச்சாலும் கடைசித் தெருச் சனத்துக்கும் கேக்கும். என்ரை பேரைச் சொன்னாலும் நான் சத்தம் குறைக்கிற அந்தத் திருகாணியிலை கை வைக்கமாட்டன் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ.

இல்லைப் பிள்ளை, வேண்டாம், சொல்லாதையுங்கோ. சொன்னால், கட்டாயம் என்ரை பேரைச் சொல்லோணும் எண்டு நினைச்சுப்போடுவார். அவரை அவசரப்படுத்தவேண்டாம்.